லிங்கன் எழுதாத கடிதம்: அமெரிக்க அதிபர்கள், முதல் பெண்மணிகள் பற்றிய செய்திகளில் மெய்யும் புனைவும்

நூலகவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க அதிபர்களையும் அவர்களுடைய துணைவியரையும் பற்றிய துணுக்குகள் நம் வார இதழ்களில் பல்லாண்டுகளாக வெளிவந்தன. இப்போது அவையே வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் சுற்றி வருகின்றன. அவற்றுள் சான்றுள்ளவை எவை, யாரோ புனைந்தவை எவை என்று பிரித்தறியும் இழையாக இது அமைய வேண்டும் என்பது என் விருப்பம். ஒரே ஒரு வேண்டுகோள்: எந்தச் செய்தியைச் சொன்னாலும், அதை நேரில் கண்டவர் யார், எழுதி வைத்தவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம்மிடையே மிகவும் புகழ்பெற்ற ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஆபிரகாம் லிங்கன் தம் மகனைப் பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியருக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் தமிழ்நாட்டில் பல பள்ளிச் சுவர்களில் சட்டமிடப்பட்டுத் தொங்குகிறது. ஆசிரியர் தின விழாக்களில் மேடையேற்றி வாசிக்கப்படுகிறது. அப்படி ஒரு கடிதத்தை லிங்கன் எழுதவில்லை. அவருடைய கடிதங்களும் உரைகளும் 1953 முதல் எட்டுத் தொகுதிகளாகத் திரட்டி வெளியிடப்பட்டன. அவற்றில் எங்கும் இது இல்லை. நடையும் அவருடையதன்று. அவருடைய பிள்ளைகளின் வாழ்க்கையோடும் அது பொருந்தாது: எடி நான்கு வயது நிறையும் முன்பே 1850இல் இறந்துவிட்டான், வெள்ளை மாளிகையில் வில்லியும் டாடும் வீட்டிலேயே ஆசிரியர் வைத்துக் கற்றார்கள், கடைக்குட்டி டாட், தந்தை கொலையுண்டபோது பன்னிரண்டு வயதை எட்டியிருந்தும் சரளமாகப் படிக்கக் கற்றிருக்கவில்லை.

கல்வியைப் பற்றி லிங்கன் மெய்யாகவே எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. மூத்த மகன் ராபர்ட்டின் நண்பன் ஜார்ஜ் லேத்தம் ஹார்வர்டு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றுவிட்டான் என்ற செய்தி மகன் வழியாக லிங்கனுக்குத் தெரிய வந்தது. அப்போது அவர் அதிபர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளர்; நாடு முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த வேளை. 1860 ஜூலை 22 அன்று அவர் அந்தப் பையனுக்குத் தம் கைப்படக் கடிதம் எழுதினார். இதைக் கேட்டு அடைந்ததைப் போன்ற வேதனையை வாழ்க்கையில் அரிதாகவே அடைந்திருக்கிறேன் என்று தொடங்கி, முயற்சியில் இறங்கிவிட்ட பிறகு வென்றே ஆக வேண்டும் என்று வற்புறுத்தி, தோல்வியை மனத்தில் தங்கவிடாதே என்று தேற்றுகிறார். ராபர்ட்டும் முந்தைய ஆண்டு அதே தேர்வில் தோற்று, ஓராண்டு எக்சிட்டர் பள்ளியில் படித்துத் தேறியவன் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், ஒரு தந்தையின் தவிப்பு அந்த வரிகளுக்குள் இருப்பது புரியும். நம் பள்ளிச் சுவர்களில் இருக்க வேண்டியது இந்தக் கடிதம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

தேன்மொழி எழுதியது:

நூலகவாசி ஐயாவுக்கு வணக்கம். நான் ஆசிரியை. அந்தப் போலிக் கடிதத்தில் உள்ள அறிவுரைகள் நல்லவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஏமாற்றிப் பெறும் வெற்றியைவிடத் தோல்வி மேல் என்று ஒரு குழந்தைக்குச் சொல்வதற்கு லிங்கனின் பெயர் வேண்டியதில்லை. எழுதியவர் தெரியவில்லை என்று போட்டே அதை மாட்டலாம். அதனால் அதைச் சுவரிலிருந்து எடுத்தெறிய எனக்கு மனம் வரவில்லை.

குழந்தைகளுக்கு லிங்கன் எழுதிய மெய்யான கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கிரேஸ் பெடலுக்கு எழுதியது. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டு ஊரைச் சேர்ந்த அந்தப் பதினோரு வயதுச் சிறுமி 1860 அக்டோபர் 15 அன்று லிங்கனுக்கு எழுதினாள். உங்கள் முகம் மிகவும் ஒடுங்கியிருக்கிறது, தாடி வளர்த்தால் எடுப்பாக இருக்கும், பெண்கள் எல்லோருக்கும் தாடி பிடிக்கும், அவர்கள் தங்கள் கணவர்மாரை நச்சரித்து உங்களுக்கு வாக்களிக்க வைப்பார்கள் என்பது அவளுடைய வாதம். தனக்கு நான்கு அண்ணன் தம்பிகள் இருப்பதாகவும், அவர்களில் சிலர் எப்படியும் அவருக்கே வாக்களிப்பார்கள் என்றும், தாடி வளர்த்தால் மீதிப் பேரையும் இணங்க வைக்கத் தான் முயல்வதாகவும் உறுதி கூறினாள். பதில் எழுத நேரமில்லையென்றால் உங்கள் மகளையாவது எழுதச் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தாள்.

நான்கே நாளில் லிங்கன் பதில் எழுதிவிட்டார். எனக்கு மகள் இல்லை என்று சொல்ல நேர்வதற்கு வருந்துகிறேன், மூன்று மகன்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்று அவர்களுடைய வயதையும் குறிப்பிட்டுவிட்டு, இதுவரை தாடியே வைத்திராதவன் இப்போது வைக்கத் தொடங்கினால் மக்கள் அதை அற்பப் பகட்டு என்று சொல்ல மாட்டார்களா என்று அவளிடமே கேட்கிறார். வளர்ப்பதாக வாக்களிக்கவில்லை, ஆனால் வளர்த்தார். பதவியேற்பதற்காக வாஷிங்டனுக்குச் செல்லும் வழியில், 1861 பிப்ரவரி 16 அன்று வெஸ்ட்ஃபீல்டில் ரயில் நின்றபோது, கூட்டத்தில் அவளைத் தேடி அழைத்துத் தாடியைக் காட்டினார். இரண்டு கடிதங்களும் இன்றும் இருக்கின்றன. இதை வகுப்பில் சொல்லும்போது, ஒரு பெரிய மனிதருக்குத் தாமும் கடிதம் எழுதலாம் என்ற துணிவு பிள்ளைகளின் முகத்தில் தெரிகிறது.

பழையஏடு எழுதியது:

சகோதரி தேன்மொழி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நல்ல கருத்தைப் பெரியவர் பெயரில் ஏற்றிச் சொல்லும் வழக்கம் அமெரிக்காவிலும் பழையதே. சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டுத் தந்தையிடம் உண்மையை ஒப்புக்கொண்ட கதையைப் பரப்பியவர், அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய வீம்ஸ் என்ற பாதிரியார். அந்நூலின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில்தான், அதாவது வாஷிங்டன் இறந்து ஏழாண்டுகள் கழித்துத்தான், அக்கதை இடம்பெறுகிறது. அவருடைய மரப்பல் கதையும் அப்படியே. அவர் அணிந்த பல்வரிசைகள் தந்தத்தாலும் ஈயத்தாலும் மனிதப் பற்களாலும் செய்யப்பட்டவை. எதிலும் மரம் கிடையாது. அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களிடமிருந்து 1784இல் பற்கள் வாங்கப்பட்டதற்கு அவருடைய மவுன்ட் வெர்னன் பண்ணையின் கணக்கேட்டிலேயே பதிவு இருக்கிறது. மரப்பல் கதையைச் சொல்லிக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறோம். கணக்கேடு சொல்லும் செய்தி கேள்விப்படாமலே போய்விடுகிறது. புனைவால் இழப்பொன்றும் இல்லை என்ற கருத்தை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

யாழ்வாசகன் எழுதியது:

வணக்கம். எங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வந்த ஒரு பட்டியலையும் இவ்விடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும்: லிங்கன், கென்னடி ஆகிய இரு ஜனாதிபதிகளுக்கும் இடையிலான ஒற்றுமைகள். அதில் சில சரியானவை. இருவரும் முறையே 1846, 1946 ஆண்டுகளில் பிரதிநிதிகள் சபைக்கும், 1860, 1960 ஆண்டுகளில் ஜனாதிபதியாகவும் தெரிவானார்கள். இருவருக்கும் பின் பதவிக்கு வந்தவர்களின் பெயர் ஜான்சன். அவர்கள் பிறந்தவை 1808, 1908 ஆண்டுகள். ஆனால் லிங்கனுக்கு கென்னடி என்ற செயலாளர் இருந்தார் என்பது பொய். அவருடைய செயலாளர்கள் ஜான் நிக்கோலேயும் ஜான் ஹேயும். லிங்கனின் கொலையாளி பூத் பிறந்தது 1838இல். கென்னடியின் கொலையாளி ஒஸ்வால்டோடு நூறு ஆண்டு இடைவெளி வர வேண்டும் என்பதற்காகவே பட்டியல்காரர்கள் அதை 1839 ஆக்கினார்கள். பூத் பிடிபட்ட இடம் புகையிலை காயவைக்கும் கொட்டில். ஒஸ்வால்ட் சுட்டது ஒரு பண்டகசாலையிலிருந்து என்பதால், அதையும் பண்டகசாலை என்று திருத்திவிட்டார்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஒற்றுமைகளைச் செய்யத் தேவையே இல்லை; இவை எல்லாவற்றையும் விட வியப்பான ஒரு தற்செயல் மெய்யாகவே நடந்திருக்கிறது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஒரு நாள் இரவு நேரங்கழித்து, ஜெர்சி சிட்டி ரயில் நிலையத்தில் படுக்கைப் பெட்டிக்கு இடம் வாங்கப் பயணிகள் மேடையில் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். நெரிசலில் ராபர்ட் லிங்கன் பெட்டியோடு ஒட்டித் தள்ளப்பட்டார். அவ்வேளை ரயில் நகர, கால் தவறி, மேடைக்கும் பெட்டிக்கும் இடையிலான வெளிக்குள் இறங்கிவிட்டார். யாரோ அவருடைய மேலங்கிக் கழுத்துப் பட்டியை இறுகப் பிடித்து மேலே இழுத்து நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தபோது நின்றவர் நாடறிந்த நாடக நடிகர் எட்வின் பூத். ராபர்ட் அவருடைய பெயரைச் சொல்லியே நன்றி கூறினார். சில காலத்துக்குப் பிறகு ராபர்ட்டின் தந்தையைச் சுட்டுக் கொன்ற ஜான் வில்க்ஸ் பூத், இந்த எட்வினின் உடன்பிறந்த தம்பி. இதைச் சொல்பவர் வேறு யாருமல்லர். ராபர்ட் லிங்கனே 1909இல் ஒரு சஞ்சிகை ஆசிரியருக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார்.

காவிரிக்கரையாள் எழுதியது:

அண்ணன்மார்கள் அதிபர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தலைப்பில் முதல் பெண்மணிகளும் இருக்கிறார்கள் அல்லவா? அதிபர் ஜேம்ஸ் மேடிசனின் மனைவி டாலி மேடிசனைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இழை கேட்கும் கேள்விக்கு அவருடைய கதையைவிடப் பொருத்தமானது இல்லை.

1814 ஆகஸ்டு 24 அன்று பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் நுழைந்து வெள்ளை மாளிகைக்குத் தீ வைத்தது. அதற்குச் சற்று முன்பு டாலி மேடிசன், கில்பர்ட் ஸ்டுவர்ட் வரைந்த ஜார்ஜ் வாஷிங்டனின் முழுவுருவ ஓவியத்தைச் சட்டத்திலிருந்து தம் கையாலேயே வெட்டி எடுத்துக்கொண்டு தப்பினார் என்பது பாடநூல்களில் பரவிய செய்தி. அன்று அந்த வீட்டில் இருந்த இன்னொருவரின் சாட்சியம் அதை அடியோடு மறுக்கிறது. அவர் பெயர் பால் ஜென்னிங்ஸ். மேடிசன் குடும்பத்தின் அடிமை. அப்போது அவருக்கு 15 வயது. 1865இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்பு அளவில் சிறியது. ஆனால் வெள்ளை மாளிகையில் வாழ்ந்தவர் எழுதிய முதல் நினைவுக் குறிப்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அவர் சொல்வதைக் கேளுங்கள். வழக்கம்போல் மூன்று மணிக்குச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும் என்று அம்மையார் கட்டளையிட்டிருந்தார். மேசையை ஜென்னிங்ஸே விரித்து வைத்தார். பானங்களைக் கொண்டுவந்து குளிர்கலங்களில் வைத்தவரும் அவரே. அப்போது அதிபருடன் போர்க்களத்துக்குச் சென்றிருந்த ஜேம்ஸ் ஸ்மித் என்ற கறுப்பினத்தவர் தொப்பியை ஆட்டிக்கொண்டே குதிரையை விரட்டிவந்து, வெளியேறுங்கள், படை பின்வாங்குகிறது என்று கூவினார். வீடெங்கும் குழப்பம். டாலி கைக்கு எட்டிய வெள்ளிப் பொருள்களைத் தம் பழங்காலக் கைப்பையில் திணித்துக்கொண்டு வண்டியேறினார். ஓவியத்தை அவரே எடுத்துச் சென்றார் என்பது முழுப் பொய், அதற்கு நேரமே இல்லை, சுவரிலிருந்து இறக்குவதற்கு ஏணி வேண்டியிருந்திருக்கும் என்று ஜென்னிங்ஸ் எழுதுகிறார். அதை இறக்கியவர்கள் பிரெஞ்சுக்காரரான வாயிற்காவலரும், அதிபரின் தோட்டக்காரரும். மேசையில் விரித்து வைத்த சாப்பாட்டை, வந்து சேர்ந்த பிரிட்டிஷ் வீரர்கள் உண்டார்கள்.

பின்கதைதான் என்னை மிகவும் உலுக்குகிறது. மேடிசன் இறந்த பிறகு டாலி வறுமையில் விழுந்தார். ஜென்னிங்ஸைப் பிறருக்கு விற்றுவிட்டார். டேனியல் வெப்ஸ்டர் என்ற செனட்டர் 1847இல் அவரை விலைக்கு வாங்கி விடுவித்தார். மாதம் எட்டு டாலர் வீதம் உழைத்து அந்தக் கடனைத் தீர்ப்பது என்பது ஒப்பந்தம். அந்நிலையிலும் ஜென்னிங்ஸ், முன்னாள் எசமானி அடிப்படைத் தேவைகளுக்கே திண்டாடுவதைக் கண்டு, வெப்ஸ்டர் வீட்டிலிருந்து கூடையில் உணவுப் பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். சில வேளைகளில் தம் பையிலிருந்து சிறு தொகைகளையும் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். டாலியின் துணிச்சலைப் பாடும் நூல்கள் இந்தக் கூடையைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா?

பழையஏடு எழுதியது:

தங்கை காவிரிக்கரையாள் எழுதியது அருமை. ஆயினும் டாலிக்கும் நியாயம் செய்ய வேண்டும். தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் அவரே, ஓவியம் சுவரோடு திருகாணியால் இறுக்கப்பட்டிருந்தது, அதைக் கழற்றுவதற்கு நேரமாகியது, ஆகவே சட்டத்தை உடைத்து ஓவியத்தை வெளியே எடுக்க ஆணையிட்டேன் என்றுதான் சொல்கிறார். தம் கையால் வெட்டியதாக அவர் எழுதவே இல்லை. மீட்க வேண்டும் என்ற முடிவு அவருடையது, செய்த கைகள் பணியாளர்களுடையவை என்று கொண்டால் இரண்டு சாட்சியங்களும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஓவியமும் இன்று வெள்ளை மாளிகையின் கிழக்குக் கூடத்தில் தொங்குகிறது.

தேன்மொழி எழுதியது:

பணியாளர்களின் எழுத்து என்றதும் ஐக் ஹூவர் நினைவுக்கு வருகிறார். 1891இல் வெள்ளை மாளிகைக்கு முதன்முதலாக மின்சாரம் இழுக்க வந்த தொழிலாளி அவர். வேலை முடிந்த பிறகும் அவரை விடவில்லை. ஏனென்றால் அதிபர் பெஞ்சமின் ஹாரிசனும் அவருடைய மனைவி கரோலினும் மின் பொத்தான்களைத் தொட அஞ்சினார்கள். மாலையில் ஹூவர் வந்து விளக்குகளைப் போடுவார். மறுநாள் காலையில் அவர் வந்து அணைக்கும் வரை அவை எரிந்துகொண்டே இருக்கும். 42 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றி, தலைமை உபசரிப்பாளராக உயர்ந்து, பத்து அதிபர்களை அருகிலிருந்து பார்த்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1934இல் நூலாயின.

யாழ்வாசகன் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. கால்வின் கூலிட்ஜ் பேசாமடந்தை என்று பெயர் பெற்றவர். விருந்தில் அருகே அமர்ந்த ஒரு பெண், உங்களை இரண்டு சொற்களுக்கு மேல் பேச வைப்பதாகப் பந்தயம் கட்டியிருக்கிறேன் என்று சொல்ல, தோற்றுவிட்டீர்கள் என்பதை இரண்டே சொற்களில் அவர் சொல்லி முடித்தார் என்ற கதையை எல்லோரும் அறிவோம். 1924 ஏப்ரல் 22 அன்று அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் மதிய விருந்தில், வரவேற்புரை ஆற்றியவர் இதே கதையைச் சொன்னார். அடுத்து எழுந்த கூலிட்ஜ், வாஷிங்டனில் உலவும் அடிப்படையற்ற வதந்திகளுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு என்று அந்த மேடையிலேயே மறுத்தார். மறுப்பு மறைந்துபோய், கதை மட்டும் நூறாண்டாக உயிரோடு இருக்கிறது.

நூலகவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இப்போது எதிர்த்திசையில் ஒன்றைச் சொல்கிறேன்: பொய் என்று தூற்றப்பட்டு, பின்னர் மெய்யென்று தெரிந்த செய்தி.

1893 கோடையில் குரோவர் கிளீவ்லாந்தின் வாயில், மேலண்ணத்தில், ஒரு புண் தென்பட்டது. புற்று என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். நாடு கடும் பொருளாதார நெருக்கடியில் இருந்தது. வெள்ளி நாணயக் கொள்கையில் அதிபரும் துணை அதிபர் ஸ்டீவன்சனும் எதிரெதிர் அணிகளைச் சேர்ந்தவர்கள். அதிபரின் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சந்தை சரிந்துவிடும் என்று அஞ்சி, ஜூலை 1 அன்று நண்பர் ஒருவரின் ஒனெய்டா என்ற உல்லாசப் படகில், நியூயார்க்கை ஒட்டிய நீரில் நகர்ந்துகொண்டே, ரகசியமாக அறுவை செய்தார்கள். கிளீவ்லாந்தை ஒரு நாற்காலியில் சாய்த்து அமர்த்தி, இடப்பக்க மேல்தாடையின் பெரும்பகுதியை அகற்றினார்கள். வெளியே தழும்பு தெரியக் கூடாது, பெயர்பெற்ற அந்த மீசையும் அப்படியே இருக்க வேண்டும். அதனால் கன்னத்தை விலக்கிப் பிடிக்கும் ஒரு கருவியைக் கொண்டு முழு வேலையையும் வாய்க்குள்ளேயே செய்து முடித்தார்கள். பின்னர் ரப்பரால் செய்த ஓர் அடைப்பைப் பொருத்தியதும் பழைய குரல் திரும்பியது. பல்வலியும் வாதமும் என்று வெளியுலகுக்குச் சொல்லப்பட்டது. அப்போது அவருடைய மனைவி பிரான்சிஸ் கருவுற்றிருந்தார். மசாசூசெட்ஸ் கடற்கரை வீட்டில், எல்லாம் அறிந்திருந்தும் எதுவும் நடவாதது போல் விருந்தினரைச் சமாளித்துக்கொண்டு காத்திருந்தார். செப்டம்பரில் பிறந்த அந்தப் பெண் குழந்தை எஸ்தர்தான், வெள்ளை மாளிகையில் பிறந்த ஒரே அதிபர் குழந்தை.

ஆகஸ்டு 29 அன்று எட்வர்ட்ஸ் என்ற செய்தியாளர் பிலடெல்பியா பிரஸ் நாளிதழில் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டார். அதிபர் தரப்பு மறுத்தது. எதிர்ப்பத்திரிகை அவரைப் பொய்யர் என்று எழுதியது. மக்களும் அதையே நம்பினார்கள். கிளீவ்லாந்து 1908இல் இறந்தார். அறுவையில் பங்கேற்ற மருத்துவர் கீன் 1917இல் ஒரு வார இதழில் உண்மையை எழுதிய பிறகே எட்வர்ட்ஸின் பெயர் மீண்டது. 24 ஆண்டுகள் ஒரு நேர்மையான செய்தியாளர் அந்தப் பழியைச் சுமந்தார். நாட்டின் நன்மைக்காகச் சொன்ன பொய் என்று வாதிடுவோரிடம் நான் கேட்க விரும்புவது, அந்த மனிதரின் 24 ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான்.

பழையஏடு எழுதியது:

அதைவிடப் பெரிய மறைப்பு உட்ரோ வில்சன் காலத்தில் நடந்தது. வெர்சாய் உடன்படிக்கைக்கு ஆதரவு திரட்டி ரயிலில் நாடு சுற்றிய வில்சன், 1919 செப்டம்பர் இறுதியில் கொலராடோவில் உடல் தளர்ந்து திரும்பினார்; அக்டோபர் 2 அன்று பக்கவாதம் தாக்கி இடப்பக்கம் செயலிழந்தது. அதன்பின் அவரை யார் பார்க்கலாம், எந்தக் கோப்பு அவர் கண்ணில் படலாம் என்பதையெல்லாம் முடிவு செய்தவர் அவருடைய இரண்டாம் மனைவி எடித். அமைச்சர்கள் அனுப்பிய தாள்கள், அதிபர் இவ்வாறு கூறுகிறார் என்று எடித்தின் பெரிய, படிக்கக் கடினமான கையெழுத்தில் ஓரக் குறிப்போடு திரும்பி வந்தன. பல தாள்கள் திரும்பவே இல்லை. வெளியுறவு அமைச்சர் லான்சிங் அமைச்சரவையைத் தாமே கூட்டினார் என்பதற்காக 1920 பிப்ரவரியில் பதவி விலக நேர்ந்தது. அந்த மார்ச்சில் செனட் சபையில் உடன்படிக்கை ஏழு வாக்குகள் குறைந்து தோற்றது. வாக்காளர் யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவர் ஓராண்டுக்கும் மேலாக நாட்டை நடத்தினார் என்பதை மென்மையாகச் சொல்ல எனக்கு இயலவில்லை.

தேன்மொழி எழுதியது:

பழையஏடு அவர்களே, எடித் அம்மையார்மீது இவ்வளவு பாரத்தையும் ஏற்றுவது சரியா? பொதுக் காரியங்களில் எந்த முடிவையும் தாம் எடுக்கவில்லை, எது முக்கியம், எதை எப்போது கணவரிடம் கொண்டுசெல்வது என்பதை மட்டுமே தீர்மானித்ததாக அவர் தம் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். வில்சன் பதவி விலகினால் உயிர்பிழைக்கும் ஆசையே போய்விடும் என்று மருத்துவர் சொன்னதாகவும் குறிப்பிடுகிறார். உடன்படிக்கையைத் தோற்கடித்த பிடிவாதம் அவருடையதன்று; தமக்காகவாவது செனட்டின் திருத்தங்களை ஏற்றுக்கொள்ளும்படி கணவரிடம் மன்றாடியதாகவும், இழிவான சமரசத்துக்குப் போராடி வீழ்வதே மேல் என்று வில்சன் மறுத்ததாகவும் எழுதுகிறார். படுக்கையில் கிடக்கும் கணவரையும் காத்து, வாசலில் நிற்கும் அரசாங்கத்தையும் சமாளித்த பெண் அவர்.

பழையஏடு எழுதியது:

எது முக்கியம் என்று தீர்மானிப்பதே ஆட்சியின் பெரும்பகுதி, சகோதரி. கோப்பை மேசைக்கு அனுப்பாமல் வைத்திருப்பவரும் முடிவெடுப்பவரே. அது போகட்டும்; அவர் தம்மைக் காத்துக்கொள்ளப் பிற்காலத்தில் எழுதிய நூல்தான் நீங்கள் காட்டும் ஒரே சான்று. நூலகவாசி முதல் பதிவில் கேட்ட அளவுகோலை அதற்கும் வைக்க வேண்டும். நான் குற்றஞ்சாட்டுவதில் எடித்தைவிட முன்னால் நிற்பவர்கள் மருத்துவர் கிரேசனும் செயலாளர் டுமல்டியும். அதிபரால் கடமையாற்ற இயலவில்லை என்று சான்றளிக்க முடியுமா என்று லான்சிங் நேரில் கேட்டபோது, இருவரும் மறுத்துவிட்டார்கள். இதை டுமல்டியே பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்.

காவிரிக்கரையாள் எழுதியது:

எடித்தைப் பற்றி நீங்கள் இருவரும் வாதிடும் வேளையில், மறைவாகச் செயல்பட்டும் மதிப்புக்குரியதைச் செய்த ஒருவரைச் சொல்கிறேன். அதிபர் ஹெர்பர்ட் ஹூவரின் மனைவி லூ ஹூவர் புவியியல் படித்தவர். கணவரோடு சீனாவில் வாழ்ந்து சீனமொழி கற்றவர். வெள்ளை மாளிகையில் பிறர் கேட்கக் கூடாததைக் கணவனும் மனைவியும் அம்மொழியில் பேசிக்கொண்டார்கள். சுரங்கத் தொழில் பற்றிய 16ஆம் நூற்றாண்டு இலத்தீன் நூல் ஒன்றை இருவரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1912இல் வெளியிட்டார்கள்.

1929இல் சிகாகோவிலிருந்து ஆஸ்கர் டி பிரீஸ்ட் என்ற கறுப்பினத்தவர் காங்கிரசுக்கு வந்திருந்தார். உறுப்பினர்களின் மனைவியருக்கு முதல் பெண்மணி தேநீர் விருந்தளிப்பது வழக்கம். ஆஸ்கரின் மனைவி ஜெசி டி பிரீஸ்ட்டை அழைத்தால் தென்மாநிலப் பெண்கள் அவரை அவமதிக்கக்கூடும். அழைக்காவிட்டால் அதுவே அவமதிப்பு. லூ ஹூவர் விருந்தைப் பல நாள்களாகப் பிரித்தார். முகம் சுளிக்க மாட்டார்கள் என்று முன்கூட்டி உறுதி செய்துகொண்ட சிலரை மட்டும் ஒரு சிறு குழுவாக்கி, ஜூன் 12 அன்று அவர்களோடு ஜெசியையும் அழைத்தார். விருந்து அமைதியாக நடந்தது. செய்தி வெளியானதும் தென்மாநிலப் பத்திரிகைகள் கொதித்தன; டெக்சஸ் சட்டமன்றம் கண்டனத் தீர்மானமே நிறைவேற்றியது. லூ ஹூவர் வருத்தம் தெரிவித்து ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்து முதல் பெண்மணியாக வந்த எலினோர் ரூஸ்வெல்ட்டின் துணிவை நாம் நன்கு அறிவோம். லூ ஹூவரை அந்த வெளிச்சம் மறைத்துவிட்டது என்பது என் நெடுநாள் குறை.

யாழ்வாசகன் எழுதியது:

வில்சன் விடயத்தில் ஒரு கேள்வி. அதே நிலைமை இன்று ஏற்பட்டால் என்ன நடக்கும்?

நூலகவாசி எழுதியது:

அமெரிக்க அரசியலமைப்பில் 1967இல் நிறைவேறிய 25ஆம் திருத்தம் அதற்கு வழி செய்திருக்கிறது, தம்பி. அதன் மூன்றாம் பிரிவின்படி, அதிபர் தாமே கடிதம் எழுதி அதிகாரத்தைத் துணை அதிபரிடம் தற்காலிகமாக ஒப்படைக்கலாம். ஜார்ஜ் புஷ் இளையவர் 2002இலும் 2007இலும் குடல் பரிசோதனைக்காக அவ்வாறு செய்தார். அதே காரணத்துக்காக 2021 நவம்பர் 19 அன்று ஜோ பைடன் மயக்க மருந்தின் கீழ் இருந்தபோது, காலை 10.10 முதல் 11.35 வரை, 85 நிமிடங்கள் அதிபரின் அதிகாரங்கள் கமலா ஹாரிசிடம் இருந்தன. அவ்வதிகாரத்தைச் சட்டப்படி வகித்த முதல் பெண் அவர். அவருடைய தாயார் சியாமளா சென்னையில் பிறந்தவர் என்பதும், தாய்வழித் தாத்தாவின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதும் இங்குள்ளோர் அறிந்ததே.

அதிபர் கடிதம் எழுதும் நிலையில் இல்லை என்றால், அல்லது எழுத மறுத்தால், நான்காம் பிரிவு இருக்கிறது. துணை அதிபரும் அமைச்சரவையின் பெரும்பான்மையினரும் எழுத்து மூலம் அறிவித்தால் போதும், அதிகாரம் உடனே துணை அதிபரிடம் மாறும். மருத்துவரின் சான்றோ மனைவியின் இசைவோ அதற்குத் தேவையில்லை. அந்தப் பிரிவு இதுவரை ஒருமுறையும் பயன்படுத்தப்படவில்லை.